மாம் டோர் சுற்றில் நாயோடு: கயிறு எதற்கு, எப்போது கைவிடுவது

நீங்கள் கேட்டது இது. மான்செஸ்டரில் இருக்கிறீர்கள், வீட்டில் இரண்டு வயது லாப்ரடார், ஊரிலிருந்து அப்பா வந்திருக்கிறார். மே மாதக் கடைசியில் மூவருமாக மாம் டோர் சுற்றை, அதாவது பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதியில் மாம் டோர் என்ற குன்றின் மேல் ஏறிச் சுற்றி வரும் நடைபாதையை, நடக்க ஆசை. நாய்க்குப் பாதை ஒத்துவருமா, மேலே போனதும் அவிழ்த்து விடலாமா என்று கேட்டுவிட்டு, "யாரையும் கடிக்க மாட்டான், ரொம்ப சாது" என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

பாதை ஒத்துவரும். அவிழ்த்து விடக் கூடாது. சாது என்பதை நான் நம்புகிறேன், ஆனால் அந்த மலையில் அது கணக்கிலேயே வராது. ஏன் என்று கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் நானும் முதல் வருடம் உங்களைப் போலத்தான் நினைத்தேன். என் நாய்க்குப் பெயர் மணி, வேறென்ன பெயர் வைக்கப்போகிறோம். இந்தச் சுற்றை அவனோடு எத்தனை தடவை நடந்தேன் என்ற எண்ணிக்கை எப்போதோ விட்டுப்போயிற்று.

முதலில் பாதை. காசல்டன் ஊரில் தொடங்கி, மேற்கே ஏறி மாம் டோர் உச்சி, அங்கிருந்து முகட்டின் மேலேயே வடகிழக்காக ஹாலின்ஸ் கிராஸ், பேக் டோர், லூஸ் ஹில் (குழந்தைகளைக் கூட்டிப்போனால் இந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்), அப்புறம் கீழே இறங்கி வயல்கள் வழியாக மறுபடி காசல்டன். ஏறக்குறைய 12 கி.மீ. வரும். தனியாக வேகமாக நடப்பவர் மூன்றரை மணி நேரத்தில் முடித்துவிடுவார். நாயும் அப்பாவும் கூட வந்தால் ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். உச்சி 517 மீட்டர், காசல்டனிலிருந்து பார்த்தால் 300 மீட்டருக்கு மேல் ஏற்றம். மலையேற்றம் என்று பயப்படத் தேவையில்லை, பூங்காவில் உலாத்துவது போலவும் இல்லை. அப்பாவுக்கு முழங்கால் தகராறு இருந்தால் ஹாலின்ஸ் கிராஸில் முகட்டை விட்டு நேராக காசல்டனுக்கு இறங்கிவிடலாம். சுற்று பாதியாகாவிட்டாலும் நன்றாகவே குறையும், பார்க்க வேண்டியதில் பெரும்பகுதியைப் பார்த்தும் விட்டிருப்பீர்கள்.

வலமாகவே சுற்றுங்கள். அப்பாவிடம் கிரிவலம் மாதிரி என்று சொன்னால் உடனே ஒத்துக்கொள்வார், ஆனால் உண்மையான காரணம் பேக் டோர். ஹாலின்ஸ் கிராஸ் பக்கத்திலிருந்து வந்தால் அந்தச் செங்குத்தான கல் பாதையில் ஏறுவீர்கள். எதிர்த்திசையில் வந்தால் அதே பாதையில் இறங்க வேண்டும். 30 கிலோ லாப்ரடார் முன்னால் இழுக்க, ஈரக் கல்லில் கீழே இறங்குவது எப்படி இருக்கும் என்று நினைத்துப்பாருங்கள். ஏற்றத்தில் நாய் இழுத்தால் உங்களுக்கு உதவி, இறக்கத்தில் இழுத்தால் எலும்பு.

காசல்டனிலிருந்து ஏற இரண்டு மூன்று வழி உண்டு. வின்னட்ஸ் கணவாய் பார்க்க அழகு, ஆனால் ஒடுக்கமான செங்குத்துச் சாலை, ஞாயிற்றுக்கிழமை கார் வரிசை, நாயோடு எனக்கு அது பிடிப்பதில்லை. கேவ் டேல் வழியின் சுண்ணாம்புக் கல் பலர் காலடி பட்டு வழவழவென்று இருக்கும், மழை பெய்தால் சறுக்கு மரம்தான். நான் போவது உடைந்த சாலை வழியாக. மாம் டோரின் கிழக்குச் சரிவு ஏறக்குறைய 4,000 ஆண்டுகளாக நழுவிக்கொண்டே இருக்கிறது. அதன் குறுக்கே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாலை போட்டார்கள், அது உடைய உடைய மறுபடி மறுபடி சரிசெய்து பார்த்துவிட்டு 1979இல் போதுமடா சாமி என்று நிரந்தரமாக மூடிவிட்டார்கள். தார்ச் சாலை பாளம் பாளமாகப் பிளந்து, ஒரு பாதி ஆளுயரம் கீழே இறங்கிக் கிடப்பதை அப்பா கண்டிப்பாக ரசிப்பார். வழியில் ஓடின் என்ற பழைய ஈயச் சுரங்கம் இருக்கிறது. அதன் அருகே தேங்கிய தண்ணீரை நாய் நக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே ஏறியதும் மாம் நிக் என்ற இடுக்கு வரும், அங்கிருந்து உச்சி வரை படிக்கட்டு.

மாம் டோர் என்றால் தாய்க்குன்று என்று பொருள் சொல்கிறார்கள், நழுவிய மண் கீழே குட்டிக் குட்டிக் குன்றுகளாகக் கிடப்பதால். உச்சியைச் சுற்றித் தெரியும் மேடும் பள்ளமும் பழங்காலக் கோட்டையின் எச்சம். வடக்கே திரும்பினால் ஈடேல் பள்ளத்தாக்கு, அதற்கு அப்பால் கருத்து நீண்டு கிடக்கும் கிண்டர் ஸ்கவுட். உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதில் அங்கேதான் தொடங்குகிறது.

1932 ஏப்ரல் 24 அன்று, பெரும்பாலும் மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர் இளைஞர்கள், சில நூறு பேர், கிண்டர் மேல் வேண்டுமென்றே அத்துமீறி ஏறினார்கள். அப்போது அந்த மேட்டு நிலம் முழுக்கப் பணக்காரர்கள் துப்பாக்கியால் பறவை சுடுவதற்கு என்று காவல் போட்டு வைத்திருந்த இடம். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1951இல் இந்த பீக் டிஸ்ட்ரிக்ட் பகுதி பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. மலை, மூர் எனும் தரிசு மேட்டு நிலம், புதர்க்காடு, புல்மேடு ஆகியவற்றை 'ஓப்பன் கண்ட்ரி' என்று வரையறுத்து, அங்கே பாதையை விட்டு விலகியும் யாரும் நடக்கலாம் என்ற உரிமை 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தது. அந்த உரிமையோடு ஒரு நிபந்தனையும் ஒட்டிக்கொண்டு வந்தது. அப்படிப்பட்ட நிலத்தில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாய் 2 மீட்டருக்கு மிகாத, நீளம் மாறாத கயிற்றில் இருக்க வேண்டும். கால்நடை அருகில் இருந்தால் வருடம் முழுக்க அப்படித்தான். பொதுப் பாதையில் மட்டும் நடந்தால் கயிறு கட்டாயம் என்று சட்டம் சொல்லவில்லை, உங்கள் கட்டுப்பாட்டில் இருந்தால் போதும் என்கிறது. ஆனால் அந்த முகட்டில் பாதைக்கு இரண்டடி தள்ளி செம்மறி ஆடு மேய்கிறது. எது பாதை, எது திறந்த நிலம் என்று நாய்க்கு யார் கோடு போட்டுக் காட்டுவது?

ஏன் மார்ச் முதல் ஜூலை என்றால், தரையில் கூடு கட்டும் பறவைகள். வானம்பாடி புல்லுக்கு நடுவே முட்டையிடும். லாப்விங் என்ற பறவை நம்மூர் ஆள்காட்டிக் குருவிக்குப் பங்காளி, அதே மாதிரிதான் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தும். நம்மூர் வயல் வரப்பில் ஆள்காட்டி கத்தினால் பக்கத்தில் முட்டை இருக்கிறது என்று அப்பாவுக்குத் தெரியும், அவரிடம் கேளுங்கள். நாய் கூட்டை மிதிக்கவே வேண்டாம், மோந்து பார்த்துக்கொண்டு அந்தப் பக்கம் போனாலே தாய் எழுந்து பறந்துவிடும், அந்தக் குளிர்காற்றில் முட்டையும் குஞ்சும் சீக்கிரமே விறைத்துவிடும்.

ஆடு இன்னும் பெரிய விஷயம். உங்கள் நாய் கடிக்காது, சரி. விளையாட்டாகத் துரத்தினால்கூடச் சினை ஆடு மிரண்டு குட்டி கலைந்துபோவது உண்டு, கூட்டமாக ஓடிக் கல் சுவரில் நெருக்கிக்கொண்டு மூச்சு முட்டிச் சாவதும் உண்டு. 1953ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆடு இருக்கும் வயலில் நாய் கயிறும் இல்லாமல் கட்டுப்பாடும் இல்லாமல் திரிந்தாலே அது ஆட்டைத் தொல்லை செய்ததாகத்தான் அர்த்தம், துரத்தியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. வேறு வழியில்லாத நிலையில் விவசாயி நாயைச் சுட்டால் சட்டம் அவர் பக்கம் நிற்கவும் கூடும். "சாது" என்ற சொல்லை நாம் நம் நாயைப் பார்த்துச் சொல்கிறோம். ஆட்டின் கண்ணில் அது நாலு காலில் வரும் ஓநாய்.

மணியை நான் ஒரு தடவை அவிழ்த்திருக்கிறேன். அக்டோபர் மாதம், முகட்டில் ஆள் இல்லை, ஆடு இல்லை என்று நினைத்தேன். ஒரு முயல் புறப்பட்டது. மாம் டோரின் கிழக்கு முகம் சரிந்து விழுந்த பாறை விளிம்பு என்பதை முன்னமே சொன்னேன். விளிம்புக்கு நாலு அடி முன்னால் முயல் திரும்பியது, அவனும் திரும்பினான். முயல் திரும்பாமல் இருந்திருந்தால் என்று இரண்டு நாள் தூக்கத்தில் வந்தது.

சரி, கயிறு என்று முடிவாகிவிட்டது. எந்தக் கயிறு? இழுக்க இழுக்க நீளும் பெட்டிக் கயிறு வேண்டவே வேண்டாம். 2 மீட்டரைத் தாண்டும், மெல்லிய நூல் காலில் சுற்றினால் தோலை அறுக்கும், நாய் வேகமாக ஓடி அதன் கடைசியை எட்டும்போது உங்கள் தோளும் அதன் கழுத்தும் ஒரே நேரத்தில் வெட்டி இழுக்கப்படும். சாதாரணப் பட்டைக் கயிறு, ஒன்றரை முதல் இரண்டு மீட்டர். கழுத்துப் பட்டையில் மாட்டாமல், மார்பையும் முதுகையும் சுற்றிக் கட்டும் ஹார்னஸில் மாட்டுங்கள். மார்பில் ஒரு வளையம், முதுகில் ஒரு வளையம் இருப்பது நல்லது: ஏறும்போது முதுகு, இறங்கும்போது மார்பு. மார்பு வளையத்தில் மாட்டினால் இழுக்கிற நாய் தானே பக்கவாட்டில் திரும்பிவிடும். முதுகில் கைப்பிடி உள்ள ஹார்னஸ் கிடைத்தால் இன்னும் சௌகரியம், சுவர் தாண்டும் ஏணிப்படிகளில் நாயைத் தூக்கிவிட உதவும். இதெல்லாம் இருந்தாலும், பெயரும் முகவரியும் பொறித்த வில்லையோடு கழுத்துப் பட்டையும் இருக்கட்டும். பொது இடத்தில் அது இங்கே சட்டம், தோலுக்கடியில் அடையாளச் சிப் போட்டிருந்தாலும் அதுவும் வேண்டும்.

கயிற்றை மாட்டிக்கொள்ள இடுப்பில் கட்டும் பெல்ட் பற்றி ஒரு சொல். சமதளத்தில் கை வீசி நடக்க அது சுகம். இந்தச் சுற்றில் நான் அதைக் கட்டுவதில்லை, கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொள்வதும் இல்லை. கையில் பிடித்த கயிறு, நினைத்த நொடியில் விடக்கூடியதாக இருக்க வேண்டும். காரணம், மாடு.

லூஸ் ஹில்லிலிருந்து இறங்கியதும் வயல்கள் தொடங்கும். மே மாதத்தில் அங்கே கன்றோடு பசுக்கள் நிற்கலாம். நமக்கு மாடு என்றால் பயம் கிடையாது, கோலம் போட்ட வாசலில் வந்து நிற்கும் மாட்டைத் தட்டிக்கொடுத்து அனுப்பியவர்கள். அந்தப் பழக்கத்தை இங்கே மூட்டை கட்டி வைத்துவிடுங்கள். மேய்ச்சல் வெளியிலேயே கிடக்கும் இந்த மாடுகளுக்கு மனிதன் அவ்வளவு பழக்கமில்லை, அதிலும் கன்று ஈன்ற பசுவுக்கு நாய் என்றாலே எதிரி. பிரிட்டனில் மாடு மிதித்து நடைக்காரர்கள் செத்திருக்கிறார்கள், அப்படிப்பட்ட சம்பவங்களில் பலவற்றில் கூட ஒரு நாய் இருந்திருக்கிறது. ஆடு நாயைக் கண்டால் ஓடும், மாடு நாயை நோக்கி வரும்.

மூன்று வருடம் முன்பு, இதே மாதத்தில், ஒரு வயலின் பாதி தூரத்தில் இருந்தேன். இளம் காளைகள் ஒரு டஜன், முதலில் வெறும் வேடிக்கைதான் பார்த்தன. பிறகு நடந்து வந்தன, பிறகு வேகமாக. மணி என் கால் பின்னால் ஒளிந்துகொண்டான், நான் கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தேன், ஏனென்றால் உடம்பு அப்படித்தான் செய்யும், பிள்ளையைக் கையில் பிடிப்பது போல. வேலி ஓரம் நின்ற ஒரு பெரியவர் "லெட் கோ, லெட் கோ" என்று கத்தினார். விட்டேன். மணி வயலைக் குறுக்கே வெட்டி, கேட்டின் அடிக்கம்பிக்குக் கீழே புகுந்து வெளியே போனான். மாடுகள் அவன் பின்னால் போயின, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் ஓடாமல், அவற்றுக்கு முதுகு காட்டாமல், சுவர் ஓரமாக நடந்து வெளியேறினேன். கேட்டுக்கு வெளியே அவன் கயிற்றை இழுத்துக்கொண்டு வாலாட்டியபடி நின்றான்.

நாட்டுப்புற நடைக்கான அரசு வழிகாட்டியும் இதையேதான் சொல்கிறது: கால்நடை துரத்தினால் நாயை விட்டுவிடு. நாய் உங்களைவிட வேகம், மாட்டைவிடவும் வேகம். அதைப் பிடித்து வைத்தால் இரண்டு பேரும் குளம்புக்குக் கீழே. அந்த நிலை வராமலிருக்க, வயலுக்குள் நுழையும் முன்பே கேட்டில் நின்று பாருங்கள். கன்று இருந்தால் தாய்க்கும் கன்றுக்கும் நடுவே போகாதீர்கள், பாதை நேராக அவற்றின் ஊடே போனாலும் ஓரமாகச் சுற்றிப் போங்கள், கூட்டம் பாதையையே அடைத்துக்கொண்டு நின்றால் திரும்பி வேறு வழி பாருங்கள். நேர விரயம் என்று நினைக்க வேண்டாம். அப்பாவுக்கும் இதை முன்னாலேயே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் அவர் "பா, பா" என்று மாட்டைக் கூப்பிட்டு நெற்றியைத் தடவப் போய்விடுவார்.

மற்றவை சின்னச் சின்ன விஷயங்கள்தான், ஆனால் விட்டால் நாள் கெட்டுவிடும்.

முகட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, மரமும் அரிதுதான். திறந்த வெளி என்றால் ஒதுங்க நிழலும் இல்லை என்று அர்த்தம், இது ஊருக்குப் புதிதாக வருபவர்களுக்கு உறைப்பதில்லை, ஏனென்றால் இங்கிலாந்து வெயிலை நாம் வெயிலாகவே மதிப்பதில்லை. அப்பா ஸ்வெட்டரோடு வருவார், அதே நேரத்தில் உங்கள் லாப்ரடார் நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துக்கொண்டிருக்கும். நாய்க்கு வெப்பம் தணிவது இரைப்பதால்தான், நம்மைப் போல உடம்பு முழுக்க வியர்க்காது. இதமான நாளிலும் நடை சூட்டைக் கூட்டும். காலை எட்டு மணிக்குள் தொடங்கிவிடுங்கள், நாய்க்கென்று தனியாக ஒன்றரை லிட்டராவது சுமந்துகொள்ளுங்கள், தாகம் வரும்வரை காத்திராமல் அரை மணிக்கு ஒரு தடவை கொடுங்கள். ஈறு கன்றிச் சிவந்து, எச்சில் நூலாக வடிந்து, கால் தடுமாறினால் அதோடு நடை முடிந்தது: உடம்பில் தண்ணீரை ஊற்றி, காற்று படவிட்டு, மருத்துவரை அழையுங்கள். ஈரத்துண்டைப் போர்த்தி விடாதீர்கள், அது சூட்டை உள்ளேயே அடைக்கும். பக், பிரெஞ்சு புல்டாக் போல மூக்குச் சப்பையான நாயாக இருந்தால் வெயில் நாளில் போகவே வேண்டாம் என்றிருப்பேன்.

கட்டுசாதம் கட்டிப் போவீர்கள், தெரியும். ஹாலின்ஸ் கிராஸில் உட்கார்ந்து சாப்பிடலாம், ஈடேல் பக்கத்து மக்கள் முற்காலத்தில் பிணத்தைச் சுமந்து ஹோப் ஊர் தேவாலயத்துக்குப் போன வழி அது. நாய்க்குத் தயிர்சாதம் ஒரு கவளம் கொடுத்தால் தவறில்லை, தாளிப்பு இல்லாமல். வெங்காயம் போட்டது எதுவும் கூடாது. கேசரியிலும் சர்க்கரைப் பொங்கலிலும் கிடக்கிற உலர்திராட்சை நாய்க்கு விஷம், சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். அப்பா பாசத்தில் ஊட்டிவிடுவார், முன்னாலேயே எச்சரியுங்கள்.

பாதையில் நம்மூர்க் குடும்பங்களும் வடக்கத்திக் குடும்பங்களும் நிறைய வருவார்கள். நாயைக் கண்டு குழந்தை அலறினால் "ஒன்றும் செய்யாது" என்று சொல்லிக்கொண்டே நடக்காதீர்கள். கயிற்றைச் சுருக்கி, பாதையை விட்டு இறங்கி, நாயை உட்காரவைத்து, அவர்கள் போனதும் போங்கள். பத்து நொடி.

கழிவை எடுக்கப் பை கொண்டுபோவீர்கள், எடுக்கவும் செய்வீர்கள். அதன் பிறகுதான் பலர் தவறுவது: முடிச்சுப் போட்ட பையைச் சுவரிலும் கேட்டிலும் தொங்கவிட்டுப் போகிறார்கள், யார் வந்து எடுப்பார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மலை மேல் குப்பைத்தொட்டி இல்லை, மூடியுள்ள ஒரு பழைய டப்பாவில் போட்டுக் கீழே கொண்டுவாருங்கள். வெறும் நாகரிகப் பிரச்சினை இல்லை இது. நாய்க் கழிவு வழியாக நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணி புல்லில் சேர்ந்து, அதை மேய்ந்த பசுவுக்குக் கன்று கலைந்துவிடக்கூடும்.

வீட்டுக்குப் போனதும் உண்ணி பாருங்கள். காதுக்குள், அக்குள், விரலிடுக்கு. கண்டால் தீக்குச்சி, எண்ணெய், உப்பு எதுவும் வேண்டாம், அப்படிச் செய்தால் அது உள்ளே கக்கிவிடலாம், அதோடு நோயும் உள்ளே போகலாம். கொக்கி போன்ற சின்னக் கருவி மருந்துக்கடையில் கிடைக்கும், தோலை ஒட்டி மாட்டி மெல்லத் திருகி எடுங்கள். அப்பாவின் காலையும் பாருங்கள், வேட்டியோ அரைக்கால் சட்டையோ அணிந்திருந்தால் கட்டாயம்.

போக்குவரத்துக்கு ரயில்தான் என் சிபாரிசு. மான்செஸ்டர் பிக்கடில்லியிலிருந்து ஷெஃபீல்ட் போகும் நின்று நின்று போகிற ரயில் ஈடேலிலும் ஹோப்பிலும் நிற்கும், ஆளுக்கு இரண்டு நாய் வரை டிக்கெட் இல்லை. ஹோப்பில் இறங்கினால் காசல்டன் வரை சுமார் 3 கி.மீ. கூடுதல் நடை. லூஸ் ஹில்லிலிருந்து திரும்பும்போது காசல்டனுக்குப் போகாமல் நேராக ஹோப் நிலையத்துக்கே இறங்கிவிடலாம், இறங்கும் தூரம் கிட்டத்தட்ட அதேதான். காரில் போனால் வெயில் அடிக்கும் ஞாயிறு காலை ஒன்பதரைக்கு மேல் நிறுத்த இடம் தேடியே மனசு நொந்துவிடும்.

யாருக்காவது அடிபட்டால் 999 அழைத்து, போலீஸ் கேட்டு, மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்லுங்கள். ஈடேல் மீட்புக் குழு தன்னார்வலர்கள் நடத்துவது, நல்ல ஆட்கள். நாய்க்கு அடிபட்டால் நிலைமை வேறு, 30 கிலோவை நீங்கள்தான் முதலில் தூக்க வேண்டியிருக்கும். அதனால் ஒரு பெரிய துண்டு எடுத்துப்போங்கள். இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்தால் அதுவே தொட்டில். மழை பெய்தால் துவட்டவும் ஆகும், ரயிலில் சேற்றுக் காலோடு படுக்கும்போது கீழே விரிக்கவும் ஆகும்.